மூக்கில் ஒரு கம்பித் துணுக்கு

துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. நீளம் 1.1 மில்லிமீட்டர், தடிமன் கால் மில்லிமீட்டர். ஓர் அரிசிமணியில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். சட்டையில் ஒட்டியிருந்தால் தூசி என்று தட்டிவிடுவோம். அதன் மேல் எண்கள் பொறித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநில அரசும் மேற்கு வாஷிங்டனின் 20 பழங்குடி தேசங்களும் ஆண்டுதோறும் எதிரெதிரே உட்கார்ந்து, சால்மன் மீனை யார், எங்கே, எப்போது, எவ்வளவு பிடிப்பது என்று பேசி முடிக்கிறார்கள். அந்தப் பேச்சில் இரு தரப்பும் ஏற்றுக்கொள்ளும் சாட்சிகளில் முதன்மையானது இந்தத் துணுக்கு. வலையை அறுத்தும் ஆட்களைச் சிறையில் அடைத்தும் தீராமல் கிடந்த ஒரு சண்டை, கணக்கு வைத்துப் பேசித் தீர்க்கும் வழக்கமாக மாறியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு கம்பித் துணுக்கின் வாழ்க்கையை எழுத இந்தக் காரணம் போதும் என்று நினைக்கிறேன்.

சால்மன் ஆற்றில் பிறக்கும்; கடலுக்குப் போய் வளரும்; முட்டையிடும் பருவம் வந்ததும் பிறந்த ஆற்றைத் தேடித் திரும்பும். இடைப்பட்ட ஆண்டுகளில் அது கடலில் அலையும்போது, எந்த மீன் எந்த ஆற்றில் பிறந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குஞ்சின் துடுப்புகளில் ஒன்றையோ இரண்டையோ வெட்டி அடையாளம் வைப்பதுதான் பழைய முறை. ஒரு மீனுக்கு இருப்பது சில துடுப்புகள். அவற்றை வைத்து எத்தனை ஆறுகளுக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு அடையாளம் வைக்க முடியும்? வெளியே தொங்கும் வில்லையைக் கட்டினால் விரல் நீளக் குஞ்சு அதைச் சுமந்துகொண்டு பிழைக்காது.

கீத் ஜெஃபர்ட்ஸ், பீட்டர் பெர்க்மன், எச். எஃப். ஃபிஸ்கஸ் என்ற மூவர் 1963-ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு வழி சொன்னார்கள். குஞ்சின் மூக்குக் குருத்தெலும்புக்குள் குறியீடு கொண்ட கம்பித் துண்டு ஒன்றைச் செலுத்திவிடுவது. அதில் காந்தம் ஏற்றி, மீன் வளர்ந்து பிடிபட்டபின் கருவி வைத்துக் கண்டுபிடிப்பது. பெர்க்மன் வாஷிங்டன் மாநில மீன்வளத் துறையின் உயிரியலாளர். ஜெஃபர்ட்ஸ் இயற்பியலாளர். பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது ராபர்ட் வில்சன், ஆர்னோ பென்சியாஸ் ஆகியோருடன் சேர்ந்து, விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் கார்பன் மோனாக்சைடு மிதப்பதை 1970-ல் முதன்முதலாகக் கண்டறிந்தவர். மற்ற இருவரும் வேறொரு கண்டுபிடிப்புக்காக 1978-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஜெஃபர்ட்ஸ் சான் வான் தீவுக்கூட்டத்தின் ஷா தீவில் மீனுக்குக் குறியிடும் கருவிகள் செய்யும் நிறுவனத்தைக் கட்டி வளர்த்தார். விண்வெளியின் மூலக்கூறையும் மீன்குஞ்சின் மூக்கையும் ஒரே மனிதர் இவ்வளவு அக்கறையோடு பார்த்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆரம்பத்தில் கம்பியின் மேல் வண்ணக் கோடுகள் இருந்தன. பிறகு இரும எண்கள் வந்தன. இப்போது சாதாரணப் பதின்ம எண்கள். கம்பி சுருளாக வரும். அதன் நீளம் முழுக்க ஒரே குறியீடு திரும்பத் திரும்பப் பொறிக்கப்பட்டிருக்கும். குறியீட்டின் முதல் இரண்டு இலக்கங்கள் அந்த மீனுக்குக் குறியிட்ட அமைப்பைச் சொல்லும். 63 என்றால் வாஷிங்டன் மாநில அரசு. 21 என்றால் வடமேற்கு இந்தியர் மீன்வள ஆணையம், அதாவது பழங்குடி தேசங்களின் சொந்த அமைப்பு. மாநில அரசுக்கு ஓர் எண், பழங்குடிகளுக்கு ஓர் எண். ஒன்றின் கீழ் இன்னொன்று வராது. அந்த 21-ஐ வாங்குவதற்கு அவர்கள் 120 ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

நம் துணுக்கு 21-ல் தொடங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். அது போகும் இடம் நிஸ்குவாலி ஆறு.

ரெய்னியர் மலையின் பனியாற்றில் உருகத் தொடங்கும் நிஸ்குவாலி, ஏறக்குறைய 130 கிலோமீட்டர் ஓடி ப்யூஜெட் சவுண்ட் என்ற உள்கடலில் கலக்கிறது. அதன் கழிமுகத்துக்கு அருகே, மெடிசின் க்ரீக் என்ற ஓடைக் கரையில், 1854 டிசம்பர் 26-ல் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் நிஸ்குவாலி, ப்யூயாலப் உள்ளிட்ட தேசங்களிடம் கையெழுத்து வாங்கினார். சில நூறு சொற்களே கொண்ட வியாபாரக் கலப்புமொழியான சினூக் ஜார்கனில் பேசி முடித்த ஒப்பந்தம் அது. அடுத்த சில வாரங்களில் இதே போன்ற ஒப்பந்தங்கள் மேலும் போடப்பட்டன. தேசங்கள் நிலத்தை விட்டுக்கொடுத்தன. மீனை விட்டுக்கொடுக்கவில்லை. வழக்கமாகப் பிடித்துவந்த இடங்கள் எல்லாவற்றிலும், வந்தேறிய குடிமக்களோடு பொதுவாக, மீன்பிடிக்கும் உரிமை தங்களுக்கு இருக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அரசு கொடுத்த உரிமை அல்ல அது. தங்களிடம் ஏற்கெனவே இருந்ததைக் கையில் நிறுத்திக்கொண்டது.

அப்படியிருந்தும் 1917-ல் நிஸ்குவாலிகளுக்கென ஒதுக்கிய நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ராணுவ முகாமுக்காகப் பறிபோனது. இன்று அந்த முகாமுக்குள்தான் க்ளியர் க்ரீக் என்ற குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. 1991-லிருந்து அதை நடத்துபவர்கள் நிஸ்குவாலி தேசத்தார்.

இளவேனிலில் அங்கே குறியிடும் வேலை நடக்கும். வண்டியோடு இணைத்த நீண்ட அறை ஒன்றைப் பொரிப்பகத்தின் தொட்டிகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கையால் செய்யும் முறையில், குஞ்சுகளை முதலில் மயக்க மருந்து கலந்த நீரில் விடுவார்கள். துள்ளல் அடங்கியதும் ஒருவர் குஞ்சை எடுத்து, முதுகின் பின்பக்கம், வாலுக்கு முன்னால் இருக்கும் சதைப்பிடிப்பான சிறு துடுப்பைக் கத்தரியால் நறுக்குவார். மீனுக்கு அதிகம் பயன்படாத துடுப்பு என்று கருதி அடையாளத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்தவர் குஞ்சின் மூக்கை, அந்த அளவுக்கென்றே வார்த்த சிறு அச்சுக்குள் பொருத்துவார். கருவி சுருளிலிருந்து கம்பியை 1.1 மில்லிமீட்டருக்கு வெட்டி, ஊசி வழியாகக் குருத்தெலும்புக்குள் தள்ளும். ஒரு நொடி வேலை. குஞ்சு ஒரு குழாய் வழியே நழுவிப்போகும்போது காந்த உணர்கருவி அதைச் சோதிக்கும். கம்பி ஏறியிருந்தால் நல்ல நீருக்கு அனுப்பும், ஏறவில்லை என்றால் திருப்பி அனுப்பும். பழகிய கைக்கு ஒரு மணி நேரத்தில் ஆயிரம் குஞ்சு வரை முடியும். மனிதக் கை படாமல், மயக்க மருந்தும் இல்லாமல், குஞ்சுகளை அளவு பிரித்து, துடுப்பு நறுக்கி, கம்பி ஏற்றும் தானியங்கி வண்டிகளும் இப்போது வந்துவிட்டன.

நிஸ்குவாலியின் சினூக் என்ற சால்மன் வகை ஒரு சுட்டு இனம். அதாவது, இந்தக் குஞ்சுகள் எங்கே போகின்றன, எங்கே பிடிபடுகின்றன என்பதை வைத்து, குறியிடப்படாத மற்ற மீன்களின் கதையையும் கணக்கிடுகிறார்கள். ஒரு சுட்டு இனத்துக்குப் பொதுவாக 2 லட்சம் குஞ்சுகளுக்குக் கம்பி ஏற்றுவது வழக்கம். வசந்தத்தின் கடைசியில் மதகு திறக்கும். துணுக்கும் ஆற்றோடு போகும்.

அது கடலில் இருக்கும் சில ஆண்டுகளில், அது ஏன் தேவைப்பட்டது என்ற கதையைச் சொல்லிவிடலாம்.

1889-ல் வாஷிங்டன் மாநிலமான பிறகு, ஆற்றில் வலை போடும் பழங்குடிகளை மாநில அதிகாரிகள் சட்டவிரோதிகளாகவே நடத்தினார்கள். நிஸ்குவாலிக்காரரான பில்லி ஃப்ராங்க் ஜூனியர் முதன்முதலில் கைதானது 1945 டிசம்பரில். அப்போது அவருக்கு வயது 14. அதன் பிறகு 50 முறைக்கு மேல் கைதானார். 1964-ல் நடிகர் மார்லன் பிராண்டோ ப்யூயாலப் ஆற்றில் பழங்குடிகளோடு படகேறிக் கைதானார். 1970 செப்டம்பரில் அதே ஆற்றங்கரை முகாமின் மேல் காவல்துறை கண்ணீர்ப்புகை வீசி, சுமார் 60 பேரைப் பிடித்தது. அதே மாதம் அமெரிக்க ஒன்றிய அரசே பழங்குடிகளின் தரப்பில் மாநிலத்தின் மேல் வழக்குத் தொடுத்தது.

1974 பிப்ரவரி 12-ல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்புச் சொன்னார். ஐசனோவர் காலத்தில் நியமனமானவர், பழமைவாதி என்று பெயர் எடுத்தவர். 203 பக்கத் தீர்ப்பில் அவர் சொன்னதன் சாரம்: பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை பழங்குடிகளின் பங்கு, அதோடு, மீனை நிர்வகிப்பதிலும் அவர்கள் பங்காளிகள். அதுவரை அவர்களுக்குக் கிடைத்துவந்தது நூற்றுக்கு ஐந்து அளவில்தான். மாநிலமே கொதித்தது. போல்ட்டின் உருவபொம்மையைத் தூக்கிலிட்டார்கள். மாநிலத்தின் நீதிமன்றங்களே தீர்ப்பைச் செயல்படுத்த விடாமல் தடுத்தபோது, ஒன்றிய நீதிமன்றம் மீன்பிடிப் பருவத்தைத் தானே நேரடியாக நடத்த வேண்டிவந்தது. 1979 ஜூலை 2-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பின் சாரத்தை உறுதிசெய்தது.

பாதி என்றார் நீதிபதி. எதில் பாதி? இந்தக் கேள்வியில்தான் கம்பியின் தேவை இருக்கிறது.

நிலத்தைப் பங்கிட்டால் நடுவில் வரப்புப் போடலாம். சால்மன் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நிஸ்குவாலியில் பிறந்த மீன் கனடாவின் வான்கூவர் தீவுக்கு மேற்கே மேய்கிறது. அங்கே தூண்டில் கயிறுகளை இழுத்துச் செல்லும் படகுகள் ஒரு பகுதியை எடுக்கின்றன. வாஷிங்டன் கடற்கரையில் வணிகப் படகுகள் ஒரு பகுதியை எடுக்கின்றன. ப்யூஜெட் சவுண்டுக்குள் நுழைந்ததும் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் எடுக்கிறார்கள். எல்லாரும் எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் ஆற்று வாய்க்கு வரும். பழங்குடிகளின் செவுள் வலைகள் காத்திருக்கும் இடம் அது. வரிசையில் கடைசி. முட்டையிடப் போக வேண்டிய மீனை விட்டுவைக்கும் பொறுப்பும் கடைசியில் நிற்பவரின் தலையில்தான் விழும். பாதுகாப்பு என்ற பெயரில் மாநிலம் ஆற்று வலைகளை மட்டும் தடுத்துவந்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது இந்த வரிசையைப் பார்த்தால் விளங்கும். முன்னால் நின்ற யாரையும் அது தடுக்கவில்லை.

முன்னால் நின்றவர்கள் எடுத்த மீன் எந்த ஆற்று மீன்? அதற்குச் சாட்சி இல்லாதவரை பாதி என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. மீனின் மூக்கில் இருந்த கம்பி அந்தச் சாட்சியைச் சொன்னது.

தீர்ப்பு வந்த அதே 1974-ல் பழங்குடி தேசங்கள் தங்களுக்கென ஆணையம் அமைத்தன. பில்லி ஃப்ராங்க் அதன் தலைவராக சுமார் 30 ஆண்டுகள் இருந்தார். ஆணையமும் தேசங்களும் செய்த காரியங்களில் நான் மிகவும் மதிப்பது, சொந்தமாக உயிரியலாளர்களை வேலைக்கு வைத்ததைத்தான். பழங்குடிகளின் அனுபவ அறிவைப் போற்றிப் பேசுவது எந்த அரசுக்கும் எளிது. மேசையில் எண்களை விரிக்கும்போது அந்த அறிவைக் கதை என்று ஒதுக்குவதும் அவ்வளவே எளிது. எதிர்த்தரப்பின் கணக்கை வரிவரியாகச் சோதிக்கத் தெரிந்த ஆள் தங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். சுருள் வாங்கினார்கள், வண்டி வாங்கினார்கள், தாங்களே கம்பி ஏற்றினார்கள், தாங்களே பிடிப்பை எண்ணினார்கள்.

கனடாவோடும் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. அமெரிக்க ஆற்று மீனைக் கனடாப் படகுகளும், கனடாவின் ஃப்ரேசர் ஆற்று மீனை அமெரிக்கப் படகுகளும் அள்ளிக்கொண்டிருந்தன. கொலம்பியா ஆற்றின் மேல்பகுதியில் பிறந்த சினூக், அலாஸ்கா வரை போய்ப் பிடிபடுவதைக் கம்பிகள் காட்டின. அதை வைத்துக் கொலம்பியா ஆற்றுத் தேசங்கள் வழக்குக்கும் போயின. 1985-ல் பசிபிக் சால்மன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதோடு சேர்ந்த ஓர் உடன்பாட்டில், கம்பி ஏற்றி மீட்கும் திட்டத்தைக் கைவிடாமல் நடத்துவோம் என்று இரு நாடுகளும் எழுதிக்கொடுத்தன. இரண்டு அரசாங்கங்கள் ஒரு மில்லிமீட்டர் கம்பியைத் தொடர்ந்து பயன்படுத்துவதாக வாக்குக் கொடுத்திருக்கின்றன!

அந்த ஒப்பந்தத்தை நடத்தும் இரு நாட்டு ஆணையத்தில் அமெரிக்கத் தரப்பின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நான்கு ஆணையர்கள். ஒன்றிய அரசின் ஆணையருக்கு வாக்கு இல்லை. மற்ற மூவரில் ஒருவர் அலாஸ்காவுக்கு, ஒருவர் வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களுக்கு, ஒருவர் ஒப்பந்தப் பழங்குடிகளுக்கு. மூவரும் ஒத்துக்கொண்டால்தான் அமெரிக்காவின் முடிவு. பழங்குடிகளின் ஆணையர் ஒருவர் முடியாது என்றால் அமெரிக்கா முடியாது என்று சொல்கிறது என்று பொருள். ஆலோசனைக் குழுவில் ஓர் இடம் கொடுத்து, கூட்டக்குறிப்பில் பெயரைப் போட்டு, முடிவை வேறிடத்தில் எடுக்கும் வழக்கத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிது.

துணுக்கிடம் திரும்புவோம். மூன்று, நான்கு வயதான சினூக் ஒன்று பிடிபட்டு இறங்குதளத்துக்கு வருகிறது. துறைமுகங்களிலும் பழங்குடி மீன் வாங்கும் இடங்களிலும் மாதிரி எடுக்கும் பணியாளர்கள் நிற்பார்கள். பிடிப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றைச் சோதிப்பது இலக்கு. கையில் இருக்கும் உணர்கோலை மீனின் மூக்கருகே கொண்டுபோனால் கம்பி இருக்கும் தலை ஒலி எழுப்பும். தலையை வெட்டி, எண்ணிட்ட சீட்டோடு பையில் போட்டு ஒலிம்பியாவில் இருக்கும் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். எந்த நாள், எந்தப் பகுதி, எந்த வகைப் படகு என்பதெல்லாம் சீட்டோடு போகும்.

ஆய்வகத்தில் நடப்பது கசாப்பு வேலையும் கண்ணாடி வேலையும் சேர்ந்தது. தலையின் மூக்குப் பகுதியைக் கத்தியால் இரண்டாக வெட்டுவார்கள். ஒரு பாதியைக் கருவியின் மேல் காட்டுவார்கள். ஒலித்தால் அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மற்றதை எறிவார்கள். மறுபடியும் இரண்டாக வெட்டு, மறுபடியும் கருவி. துண்டு சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் சதைத் துகள் ஒன்றின் நடுவே கம்பி பளிச்சிடும். காந்த முனையில் அதை ஒட்டியெடுத்து, துடைத்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் உருட்டி எண்களைப் படிப்பார்கள். ஒருவர் படித்ததை இன்னொருவர் சரிபார்ப்பார். கழுவி முடித்த அந்தக் கம்பி, பொரிப்பகத்தில் உள்ளே போன நாளில் இருந்தது போலவே இருக்கும். எண்கள், போர்ட்லண்டில் இருக்கும் பொதுத் தரவு மையத்துக்குப் போகின்றன. அலாஸ்காவிலிருந்து கலிஃபோர்னியா வரை, மாநிலங்களும் தேசங்களும் கனடாவும் எல்லாரும் தங்கள் கம்பிகளின் கணக்கைச் சேர்க்கும் இடம் அது. பசிபிக் கரை முழுவதிலும் ஆண்டுக்கு 5 கோடிக் குஞ்சுகளின் மூக்கில் இப்படிக் கம்பி ஏறுகிறது.

மீண்டுவந்த ஒரு கம்பி ஒரு மீனை மட்டும் குறிக்காது. உதாரணத்துக்கு, 10 லட்சம் குஞ்சு விட்டதில் 2 லட்சத்துக்குக் கம்பி ஏற்றியிருந்தால் ஒவ்வொரு கம்பியும் ஐந்து மீனுக்குச் சாட்சி. பிடிப்பில் ஐந்தில் ஒன்றைத்தான் சோதித்தோம் என்றால் இன்னும் ஐந்து மடங்கு. ஆக, மேசையில் கிடக்கும் ஒரு துணுக்கு அந்த வாரம், அந்தப் பகுதியில் பிடிபட்ட 25 நிஸ்குவாலி மீன்களுக்காகப் பேசுகிறது.

அந்தப் பேச்சு நடக்கும் இடம் ‘நார்த் ஆஃப் ஃபால்கன்’. ஆரிகனின் வடபகுதியில் இருக்கும் கேப் ஃபால்கன் முனைக்கு வடக்கே உள்ள கடலுக்கும் ஆறுகளுக்கும் பருவம் குறிக்கும் கூட்டங்கள் என்பதால் அந்தப் பெயர். 1984-ல் மாநில மீன்வளத் துறையின் இயக்குநர் பில் வில்கர்சன், போர்ட் லட்லோ என்ற கரையோர ஊரில் தேசங்களின் தலைவர்களோடு உட்கார்ந்தார். ஒவ்வொரு பருவத்துக்கும் நீதிமன்றம் ஓடுவதை நிறுத்தி, சேர்ந்தே திட்டம் போடலாம் என்று அங்கே இணங்கினார்கள். அடுத்த ஆண்டே ப்யூஜெட் சவுண்டுக்கான கூட்டு மேலாண்மைத் திட்டம் நீதிமன்றத்தின் ஒப்புதலோடு வந்தது. வில்கர்சனுக்கும் பில்லி ஃப்ராங்குக்கும் இதில் இருந்த துணிச்சலைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இருவரின் ஆட்களும் பத்தாண்டுகளுக்கு முன் ஆற்றில் கைகலந்தவர்கள்.

பிப்ரவரி கடைசியில் அந்த ஆண்டின் முன்மதிப்பீடுகள் வரும். பிறகு ஏப்ரல் நடுப்பகுதி வரை பேச்சு. மாநில உயிரியலாளர்களும் தேசங்களின் உயிரியலாளர்களும் ஒரே கணினி மாதிரியை ஓட்டுகிறார்கள். அதன் அடித்தளம் பல ஆண்டுக் கம்பித் தரவு. இந்தப் பகுதியில் ஜூலையில் பத்து நாள் தூண்டில் போட விட்டால், எந்த ஆற்று மீன் எத்தனை குறையும்? அதில் நலிந்த ஆறு எது? நலிந்த ஆறு தாங்கும் அளவுதான் எல்லாருக்கும் எல்லை. ஒருவர் இரண்டு நாள் கேட்டால் எதிர்த்தரப்பு வேறோர் இடத்தில் ஒரு வாரத்தைக் கேட்கும். இரவெல்லாம் மாதிரியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். முடிவில் ஒப்புக்கொண்ட மீன்பிடிப்புகளின் பட்டியல் என்ற ஆவணம் வரும்.

இந்த மேசை நல்லெண்ணத்தால் மட்டும் நிற்கவில்லை. எழுந்து போனால் இருவருக்கும் நஷ்டம் என்பதால் நிற்கிறது. ப்யூஜெட் சவுண்ட் சினூக் 1999-ல் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. அன்றிலிருந்து மீன்பிடிக்க ஒன்றிய அரசின் அனுமதி வேண்டும். தேசங்களோடு சேர்ந்து போட்ட திட்டமாக இருந்தால் அனுமதி காலத்தோடு கிடைக்கும். மாநிலம் தனியாகப் போனால் நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். 2016-ல் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். கோஹோ என்ற இன்னொரு வகைச் சால்மன் மிக மோசமாகத் திரும்பும் என்று மதிப்பீடு சொன்னது. எவ்வளவு கட்டுப்படுத்துவது என்பதில் இணக்கம் வரவில்லை. 30 ஆண்டுகளில் முதல்முறையாகக் கெடு முடிந்தும் உடன்பாடு இல்லை. மே மாதம் பிறந்ததும் ப்யூஜெட் சவுண்டில் மாநிலத்தின் பொழுதுபோக்கு மீன்பிடிப்பு மூடப்பட்டது. தூண்டில் கடைக்காரர்களும் படகுத்துறைக்காரர்களும் திணறினார்கள். மே கடைசி வாரத்தில் இரு தரப்பும் மறுபடி உட்கார்ந்து முடித்தார்கள். அந்த ஆண்டைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறுக்கும் உரிமை உண்மையாகவே இருந்தது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

கம்பியின் வாழ்க்கையிலும் ஒரு சோதனைக் காலம் வந்தது. துடுப்பு நறுக்கிய மீன் என்றால் மூக்கில் கம்பி இருக்கும் என்பதுதான் முதலில் இருந்த ஏற்பாடு. உணர்கோல் கூடத் தேவையில்லை, கண்ணே போதும். 1990-களின் நடுவில் மாநிலம் வேறொரு முடிவுக்கு வந்தது. பொரிப்பக மீன் எல்லாவற்றுக்குமே துடுப்பை நறுக்கிவிடுவது. தூண்டில்காரர்கள் துடுப்பில்லாத மீனை வைத்துக்கொண்டு, துடுப்புள்ள இயற்கை மீனைத் திருப்பி விடுவது. தூண்டில்காரர்களுக்கு அது வரம். பல தேசங்களுக்கு அது உறுத்தல். உணவுக்கான உயிரைத் தூண்டிலில் மாட்டி விளையாடி விடுவதா என்பது ஒரு மனத்தாங்கல். இன்னொன்று கணக்குச் சிக்கல்: விட்ட மீனில் எத்தனை பிழைக்கும், எத்தனை சாகும்? துடுப்புள்ள மீனும் இல்லாத மீனும் வெவ்வேறு விதமாகச் சாகும்போது, ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணக்கிடும் முறையே ஆட்டம் காணும். அதற்கு விடையாக இரட்டைக் குழு முறை வந்தது. ஒரே பொரிப்பகத்தில் ஒரு குழுவுக்குக் கம்பியும் நறுக்கும். இன்னொரு குழுவுக்குக் கம்பி மட்டும், துடுப்பு அப்படியே. இரண்டு குழுவும் திரும்பிவரும் விகிதத்தில் உள்ள வித்தியாசம், பிடித்து விடும் விளையாட்டின் விலையைச் சொல்லும். நிஸ்குவாலியிலும் இந்த இரட்டைக் குழு உண்டு. கருத்து வேறுபாடு தீரவில்லை. ஆனால் அதை அளந்து பேச முடிகிறது.

கம்பியால் முடியாத காரியம் ஒன்று இருக்கிறது. பங்கைச் சொல்லத் தெரிந்த அதற்கு மீனைப் பெருக்கத் தெரியாது. போல்ட்டின் தீர்ப்பால் பாதி கிடைத்தது. ஆனால் மொத்த மீனே சுருங்கிக்கொண்டு வந்தது. மரம் வெட்டியதால் ஆறு சூடானது, கரை கட்டியதால் கழிமுகம் செத்தது, சாலைக்கு அடியில் போட்ட குழாய்ப் பாலங்கள் மீனை ஏறவிடாமல் மறித்தன. பழங்குடிகள் 2001-ல் குழாய்ப் பாலங்களுக்காக வழக்குப் போட்டார்கள்: மீன்பிடிக்கும் உரிமையை ஒத்துக்கொண்டு, மீன் வரும் வழியை அடைத்தால் அந்த உரிமைக்கு என்ன அர்த்தம்? 2007-ல் நீதிபதி ரிக்கார்டோ மார்ட்டினெஸ் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 2018 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் நான்குக்கு நான்கு என்று வாக்குப் பிரிந்ததால் கீழ்நீதிமன்றத் தீர்ப்பு நின்றது. மாநிலம் தன் சாலைகளின் கீழ் மீனை மறிக்கும் நூற்றுக்கணக்கான குழாய்களை 2030-க்குள் மாற்றியாக வேண்டும். நிஸ்குவாலிக் கழிமுகத்தில் வயலுக்காகக் கட்டிய கரையை 2009-ல் உடைத்து, 762 ஏக்கரில் கடல்நீரை மறுபடி உள்ளே விட்டார்கள். அந்தச் சரணாலயம் இப்போது பில்லி ஃப்ராங்க் ஜூனியரின் பெயரைத் தாங்குகிறது. அவர் 2014 மே 5-ல் இறந்தார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் மிக உயர்ந்த குடிமக்கள் விருது அவருக்கு அளிக்கப்பட்டது.

மீனவரோடு சேர்ந்துதான் கடலை நிர்வகிக்கிறோம் என்று எந்த நாட்டு அரசு சொன்னாலும், மீனை எண்ணுவது யார், அந்த எண்ணைச் சோதிக்க மீனவர் தரப்பில் சம்பளத்துக்கு எத்தனை உயிரியலாளர்கள் இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.